பிணவறை ஊழியர்களுக்குச் சீரமைப்புப் பயிற்சி: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

கேள்வி: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் நிலைய மருத்துவ அலுவலராக இருக்கிறேன். எங்கள் பிணவறையில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். முறையான பயிற்சி யாருக்கும் இல்லை. உடல் வீட்டுக்குப் போனபின் தையலில் ரத்தம் கசிகிறது, நெற்றி புடைத்துத் தெரிகிறது, முகத்துச் சிராய்ப்பு கறுத்துப்போகிறது என்று உறவினர்கள் குறை சொல்கிறார்கள். விபத்தில் இறந்தவர்களின் முகத்தில் உள்ள சிறு காயங்களைச் சரிசெய்யவும் இவர்களையே பழக்கலாமா? மெழுகு, ஒப்பனைச் சாமான்கள் வாங்க வேண்டுமா? இந்த வேலைக்குத் தனிக் கட்டணம் வைக்கலாம் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. அது சரியா?

பதில்: பழக்கலாம், பழக்கத்தான் வேண்டும். பிரிட்டனில் இந்த வேலைக்கென்றே தனிப் பதவியும் பட்டயப் படிப்பும் உண்டு. நம் ஊரில் துப்புரவுப் பணிக்கு வந்தவரைப் பிணவறைக்கு அனுப்பி, பழையவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பயிற்சியை மெழுகிலிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் ஒன்றுகூட மெழுகால் தீராது. நெஞ்சறையையும் வயிற்றறையையும் உலர்த்தாமல் மூடியதால் கசிகிறது. பரிசோதனைக்காக அறுத்தெடுத்துத் திரும்ப வைத்த மண்டையோட்டு மூடி நழுவியதால் நெற்றி புடைக்கிறது. தோலுரிந்த இடம் காற்றில் காய்ந்ததால் சிராய்ப்பு கறுக்கிறது. மூன்றையும் பரிசோதனை மேசையிலேயே தடுக்கலாம். அதற்கு வேண்டியது பஞ்சு, நூல், ஊசி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம்.

ஊசியைக் கையில் கொடுக்கும் முன் ஒரு விதியை மனப்பாடம் செய்ய வையுங்கள். சட்டம் சார்ந்த உடலில் (விபத்து, கொலை, தற்கொலை என்று காவல்துறை விசாரிக்கும் இறப்பில்) பிரேதப் பரிசோதனை முடியும்வரை எதையும் துடைக்கக்கூடாது, தைக்கக்கூடாது, மூடக்கூடாது. காயத்தின் ஓரம், அதில் ஒட்டிய மண், காய்ந்த ரத்தம் ஓடிய திசை எல்லாமே சாட்சியம். விறைத்த தாடையைக்கூட அழுத்தி மூடக்கூடாது, இறந்த நேரத்தைக் கணிக்க மருத்துவர் விறைப்பைப் பார்ப்பார். நல்லெண்ணத்தோடு முகம் கழுவிவிட்டவர்கூட, சாட்சியத்தை அழித்தாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வேண்டுமென்றே செய்திருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 238ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆகவே பரிசோதனை செய்த மருத்துவர் ‘சீரமைக்கலாம்’ என்று பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்கட்டும். முன்னும் பின்னும் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள், ஊழியரின் சொந்தக் கைபேசியில் அல்ல.

பரிசோதனை முடிந்துவிட்டாலும் கை கட்டுப்பாடாகவே இருக்க வேண்டும். நீதிமன்றம் இரண்டாவது பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அதனால் நீங்கள் செய்யும் எந்தச் சீரமைப்பும் திரும்பப் பிரிக்கக்கூடியதாக இருக்கட்டும். தையலைப் பிரிக்கலாம், மெழுகைத் துடைக்கலாம். காயத்தின் கிழிந்த ஓரத்தை ‘அழகாக’ நறுக்கிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. துப்பாக்கிக் குண்டு, கத்திக்குத்து, கழுத்தில் கயிற்றுத் தடம் ஆகியவற்றை உங்கள் ஊழியர்கள் தொடவே வேண்டாம். துணியால் மூடினால் போதும். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அது வேதிப் பரிசோதனையையும் மரபணுப் பரிசோதனையையும் கெடுக்கும். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். சன்னல் ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் பிணவறையில் அதை வைத்துப் பழகக்கூடாது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: நான்கு பேருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை (0, 1, 6ஆம் மாதம்) போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். பல இடங்களில் வார்டு ஊழியருக்குப் போட்டிருப்பார்கள், பிணவறை ஆட்களை மறந்திருப்பார்கள். இரட்டைக் கையுறை, ஏப்ரன், பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம் வேண்டும். ஊசி குத்தினால் யாரிடம் போவது என்பது சுவரில் எழுதியிருக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கூர்மையானவை துளைபடாத வெள்ளைக் கலனில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்புப் பையில் போகட்டும். மேசைக்கு 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் (5 சதவீதம் வந்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்). அது மேசைக்குத்தான், முகத்துக்கு அல்ல.

இனி உடற்பகுதி. பயிற்சியின் பாதி நேரம் இங்கேதான் போக வேண்டும். உள்ளுறுப்புகளைத் திரும்ப வைக்கும்போது நேரடியாகக் கொட்டாமல் கசியாத தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி வையுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கமும் முதுகெலும்பை ஒட்டிய பள்ளங்களில் தேங்கிய ரத்தத்தைக் கரண்டியால் மொண்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் அறையில்கூட உடலைச் சாய்த்தால் ஒரு டம்ளர் வரும். இடுப்புக் குழியில் பஞ்சை இறுக்கி அடையுங்கள். குரல்வளையையும் நாக்கையும் எடுத்திருந்தால் கழுத்து உள்வாங்கிவிடும். பஞ்சை உருட்டி வைத்துக் கழுத்தின் பழைய வடிவத்தைக் கொண்டுவாருங்கள், கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். அதிகம் வைத்தால் கழுத்துத் தோல் சேராது. வெட்டிய விலா முனைகள் கையுறையைக் கிழிக்கும், அவற்றின்மேல் காடாத் துணியைப் போர்த்திவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். பெரியவர் ஒருவரின் உடலுக்கு 500 கிராம் பஞ்சுச் சுருள் ஒன்று செலவாகும், தலையும் திறந்திருந்தால் ஒன்றரை. கொள்முதல் பட்டியலில் பஞ்சைக் கஞ்சத்தனமாகப் போட்டுவிட்டு ஊழியரைக் குறைசொல்லிப் பயனில்லை.

தைக்கக் கோணி ஊசியும் சணல் நூலும் வைத்திருப்பார்கள், மாற்றுங்கள். நேர் ஊசியை ஒரு கை தள்ள, மறு கை எதிரே காத்திருக்கும். குத்துவது அந்தக் கையில்தான். எஸ் வடிவப் போஸ்ட்மார்ட்டம் ஊசியும், மெழுகு பூசிய தடித்த லினன் அல்லது பருத்தி நூலும் வாங்குங்கள். எதிர்ப்பக்க ஓரத்தை விரலால் பிடிக்கக்கூடாது, பல் வைத்த ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) பிடிக்க வேண்டும். கீறலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்தால் நடுவில் ஒட்டுப்போட வேண்டியிராது.

முதலில் கழுத்தடி, நெஞ்செலும்பின் கீழ்முனை, தொப்புள் பக்கம், அடிவயிறு என நான்கு இடங்களில் தற்காலிக முடிச்சுப் போட்டு இரண்டு ஓரங்களையும் நேர் சேருங்கள். இதை விட்டுவிட்டால் கடைசியில் ஒரு பக்கம் தோல் மிஞ்சி நிற்கும். பிறகு அடிவயிற்றிலிருந்து மேலே வாருங்கள். ஷூ லேஸ் கோக்கிறமாதிரி, ஊசி ஒவ்வொரு முறையும் தோலின் உள்ளிருந்து வெளியே வர வேண்டும், இடம் வலம் மாறி மாறி. ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிக் குத்துங்கள், தையலுக்குத் தையல் ஒரு சென்டிமீட்டர். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் தோலின் ஓரம் வெளியே பிதுங்கும், துளை வழியே கசியும். ஒவ்வொரு தையலையும் அப்போதே முன்னோக்கி இழுத்து இறுக்க வேண்டும், கடைசியில் மொத்தமாக இழுத்தால் அடியில் தளர்ந்தே இருக்கும். கழுத்தில் மட்டும் இடைவெளியை அரை சென்டிமீட்டராக்கி, இழுப்பைக் குறையுங்கள். இறுக்கினால் சுருங்கிச் சுருங்கி நிற்கும்.

முடிந்ததும் கழுவி, துடைத்து, தையல்மேல் ஸ்பிரிட் ஒற்றிக் காயவிடுங்கள். பிறகு உடலை ஒரு பக்கமாகச் சாய்த்து விலாவில் அழுத்திப் பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. கசிந்தால் பிளாஸ்டர் ஒட்டி மறைக்காமல் அந்த இடத்தில் மறுதையல் போட வேண்டும். பஞ்சுப் பட்டையும் அகல பேண்டேஜும் அதற்குப் பிறகுதான். இந்தச் சாய்த்துப் பார்க்கும் வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இது நடக்காததால் வந்தவையாகத்தான் இருக்கும்.

கீறல் போடும் இடத்தைப் பற்றி மருத்துவர்களிடமும் பேசுங்கள். தாடையிலிருந்து நேராக இறங்கும் கீறல் எப்படித் தைத்தாலும் சட்டைக் காலருக்கு மேலே தெரியும். இரண்டு காதுகளின் பின்னாலிருந்து இறங்கி நெஞ்செலும்பில் சேரும் கீறல் முன்கழுத்தைக் காப்பாற்றும், கழுத்தின் உள்ளமைப்பும் நன்றாகத் தெரியும். இதை ஊழியர் தீர்மானிக்க முடியாது. ஆனால் தவறிய கீறலின் பழி அவர்மேல் விழுகிறது.

தலைக்கு வருவோம். ரம்பத்தால் ஒரே வட்டமாக அறுத்த மூடி வழுக்கத்தான் செய்யும். இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் ஆப்பு வடிவில் ஒரு கோணம் விட்டு அறுத்தால் மூடி தன் இடத்தில் பூட்டிக்கொள்ளும். மண்டைக்குள் உலர்ந்த பஞ்சு வைக்கும் முன், தண்டுவடம் இறங்கும் அடித்துளையை இறுக உருட்டிய பஞ்சால் அடையுங்கள். தலையணையில் வரும் ஈரம் பெரும்பாலும் அந்தத் துளையிலிருந்துதான். மூடியை வைத்து, இரண்டு பக்கப் பொட்டுத் தசைகளையும் அவை வெட்டப்பட்ட இடத்தில் சேர்த்துத் தைத்தால்தான் அது நிற்கும். தோலை இழுத்து மூடும் முன் நெற்றியில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் திட்டு தட்டினால் கண்ணிலும் தட்டும். தலைமுடியை மழிக்கத் தேவையில்லை. ஈரப்படுத்தி வகிடுபோல் பிரித்துக் கீறினால் போதும். தைக்கும்போது முடி தையலுக்குள் சிக்காமல் சீப்பால் ஒதுக்கிக்கொள்ள வேண்டும், சிக்கிய முடி வழியே ஈரம் ஏறி வெளியே வரும். ரத்தம் உறைந்த முடியைக் குளிர்ந்த தண்ணீரிலும் ஷாம்பூவிலும் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

கண்ணும் வாயும் பாதி வேலை வார்டிலேயே முடிய வேண்டியவை. இமையும் தாடையும்தான் முதலில் விறைக்கும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். சட்டச் சிக்கல் இல்லாத இறப்பில் செவிலியரே உடனே இமையை மூடி, தலையை உயர்த்தி வைத்து, தாடைக்கட்டுக் கட்டிவிட்டால் பிணவறைக்கு வேலை மிச்சம். மேலிமைதான் கண்ணின் பெரும்பகுதியை மூட வேண்டும், இரண்டு இமையும் சேரும் கோடு கண்ணின் கீழ் மூன்றிலொரு பங்கில் வரும். நடுவில் சேர்த்தால் முகம் வேறொருவர் முகமாகிவிடும். இமை நிற்காவிட்டால் உள்ளே மெல்லிய பஞ்சுப் படலம் வையுங்கள். கண்தானத்தில் விழியை முழுதாக எடுத்திருந்தால் குழியில் உருண்டைப் பஞ்சும் அதன்மேல் பிளாஸ்டிக் மூடியும் வைத்தால் பள்ளம் தெரியாது. கருவிழியை மட்டும் எடுத்திருந்தால் மூடி போதும். இரண்டிலுமே தலையை உயர்த்தி வைக்க மறந்தால் இமை வீங்கிக் கறுக்கும்.

முகத்துக் காயங்களில் உங்கள் ஊழியர்கள் எதைத் தொடலாம்? என் கணக்கில் மூன்றைத்தான்: இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட நேர்க்கிழிசல், சிராய்ப்பு, ஊசிக்குழாய் செருகிய துளைகள். எலும்பு உடைந்த முகம், மூக்கோ காதோ இழந்த முகம், அழுகத் தொடங்கிய உடல் ஆகியவை பயிற்சி பெற்ற எம்பாமரின் (உடலைப் பதப்படுத்துபவரின்) வேலை. அவர் கிடைக்காவிட்டால் முகத்தை மூடி அனுப்புவதே மரியாதை. அரைகுறையாகக் கட்டிய மூக்கைப் பார்ப்பது, மூடிய முகத்தைப் பார்ப்பதைவிடக் கொடுமை.

கிழிசலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் ஒற்றி, ஹேர்டிரையரின் மிதச் சூட்டில் காயவையுங்கள். மெல்லிய ஊசியும் மெல்லிய நூலும் எடுத்து, தோலின் தடிமனுக்குள்ளேயே இடம் வலமாக மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட்டி, இரு முனையையும் இழுத்தால் தையல் வெளியே தெரியாது. மிகச் சிறிய கிழிசலுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை போதும். ஆனால் ஈரத்தில் அது வெள்ளையாகப் பூத்துவிடும், அதனால் ஓரம் காய்ந்த பிறகே ஒரு கோடாகத் தொட்டு அரை நிமிடம் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சிராய்ப்பில் நேரம்தான் முக்கியம். தோலுரிந்த இடம் காற்றுப்பட்டால் தோல்பதனிட்டதுபோல் பழுப்பேறி விறைக்கும். அது நடந்தபின் திருப்ப முடியாது, நிறம் பூசி மட்டுப்படுத்தலாம், அவ்வளவே. பரிசோதனை முடிந்த உடனே கழுவி, ஒற்றி, மெல்லிய வாசலின் தடவினால் பழுப்பு குறையும். உதட்டுக்கும் இமைக்கும் அதே வாசலின்.

மெழுகு வாங்குவதானால் நாடக ஒப்பனைக் கடைகளில் கிடைக்கும் மென்மெழுகைச் சிறிது வாங்குங்கள். மெழுகுவத்தி மெழுகு வெடிக்கும், வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் நம் வெயிலில் இறங்கிவிடும். குளிரறையிலிருந்து 4 டிகிரியில் எடுத்த முகத்தில் உடனே பூசவும் கூடாது. வெளிக்காற்றின் ஈரம் தோலில் வியர்வைபோல் படிந்து எல்லாவற்றையும் தூக்கிவிடும். மின்விசிறிக்கு அடியில் வைத்து, படிவது நிற்கும்வரை துடைத்துக்கொண்டே இருங்கள். வீட்டில் ஃப்ரீசர் பாக்ஸைத் திறந்து திறந்து மூடினாலும் இதேதான் நடக்கும்.

நிறத்தில் நாம் செய்யும் பெரிய தப்பு பவுடர். கறுத்த, மாநிற முகங்களில் வெள்ளைப் பவுடர் போட்டால் சாம்பல் பூத்துவிடும். கடைகளில் முன்வரிசையில் இருக்கும் வெளிர் நிற ஃபவுண்டேஷனும் அப்படியே. அடர்பழுப்பு, செம்பழுப்பு, மஞ்சள் சாயல் கொண்ட பழுப்பு என மூன்று வாங்கி, காதோரம் கலந்து பார்த்துப் பொருத்துங்கள். நீலம் பாரித்த இடத்துக்கு முதலில் ஆரஞ்சு நிறம் மெல்லிசாக, அதன்மேல் தோல் நிறம். இதெல்லாம் குடும்பம் கேட்டால் மட்டும்.

ஏன் கேட்டால் மட்டும் என்கிறேன் என்றால், உடல் உங்கள் வாசலோடு முடிவதில்லை. வீட்டில் தலையில் எண்ணெய் வைப்பார்கள், சீயக்காய் தேய்த்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். எண்ணெய் மெழுகைக் கரைக்கும். நெற்றியில் சந்தனத்தோடு ஒட்டும் ஒரு ரூபாய் நாணயம், மெழுகு இருந்தால் அதோடு பெயர்ந்துவிடும். அதனால் நெற்றி நடுவில் மெழுகு வேண்டாம். வாயை உள்ளே தைத்து மூடியிருந்தால் வாய்க்கரிசி போடும்போது தெரிந்து பிரச்சினையாகும். தாடைக்கட்டே போதும் என்று குடும்பம் சொன்னால் அதோடு நில்லுங்கள். இஸ்லாமியக் குடும்பங்கள் உடலை முழுக்கக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்துவார்கள். தண்ணீர் தோலில் படவேண்டும் என்பதால் மெழுகும் பூச்சும் தவிர்த்து, நீர் புகாத நல்ல தையல் மட்டும் போட்டுக் கொடுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் பெட்டி திறந்தபடி ஆலயத்துக்குப் போகலாம், அங்கே முகத்துக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும். உடலை ஒப்படைக்கும்போது நான்கு வரியில் ஒரு சீட்டுக் கொடுங்கள்: தையல் எங்கெங்கே இருக்கிறது, தலையில் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடையுங்கள், கட்டை அவிழ்க்காதீர்கள், கசிந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எலியும் எறும்பும் பிணவறையில் கடித்த காயத்தைச் சீரமைப்பு என்ற பெயரில் மூடக்கூடாது. ரத்தம் கசியாத, ஓரம் கொறித்ததுபோல் இருக்கும் அந்தக் காயத்தைப் பதிவேட்டில் எழுதி, மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் சொன்ன பிறகே கை வைக்கலாம். சொல்லாமல் மூடினால் பின்னால் அது உயிரோடிருந்தபோது பட்ட காயமாக வாதிடப்படும்.

பயிற்சிக்கு ஐந்து நாள் போதும். முதல் நாள் சட்டமும் பாதுகாப்பும், அடுத்த இரண்டு நாள் தையல் மட்டும், நான்காம் நாள் தலை, கண், வாய், கடைசி நாள் முகம். உரிமை கோராத உடல் கிடைத்தது என்று அதில் பழகாதீர்கள், அனுமதியில்லாத உடல் பயிற்சிப் பொருளல்ல. கசாப்புக்கடையில் ஆட்டுத்தோல் வாங்கி, மயிர் களைந்து, அகலமான பேசின் வாயில் இழுத்துக் கட்டுங்கள். 30 சென்டிமீட்டர் கீறித் தைக்கச் சொல்லி, மேலே சிவப்பு மை கலந்த தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பேசினுக்குள் விரித்த வெள்ளைத் துணியில் சொட்டு விழாவிட்டால் தேறினார். அதன்பின் பத்து உடல்களில் மருத்துவர் அல்லது மூத்த ஊழியர் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளியே ரசீதோடு நிற்கும் காவலரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அவசரப்படுத்துவார்கள். உடல் ஒப்படைக்கும் நேரத்தைப் பரிசோதனை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து என்று நீங்களே எழுத்தில் நிர்ணயித்துவிட்டால் ஊழியருக்கு அந்த நெருக்கடி இருக்காது.

கட்டணம் வேண்டாம். ஏற்கெனவே பிணவறை வாசலில் ‘கவனிப்பு’ கேட்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. முகத்தைச் சரிசெய்ய இவ்வளவு என்று ஒரு தொகை வந்தால், காசு கொடுக்காதவரின் தையல் தளர்ந்துவிடும். கசியாத தையல் சலுகையல்ல, பிரேதப் பரிசோதனையின் கடைசிப் படி. பஞ்சு, நூல், ஊசி, மெழுகு எல்லாவற்றையும் மருத்துவமனைக் கணக்கில் வாங்குங்கள். இந்த வேலையை நான்கு பேரின் பணி ஆணையிலும் சேர்த்து எழுதுங்கள், ‘இங்கே எதற்கும் பணம் தர வேண்டாம்’ என்ற பலகையைப் பிணவறைக்குள் அல்ல, உறவினர்கள் காத்திருக்கும் திண்ணைக்கு எதிரே மாட்டுங்கள்.